சுவிட்சர்லாந்தில் எட்டு நாள்: கையில் எவ்வளவு, கார்டில் எவ்வளவு, வயிற்றுக்கு எவ்வளவு?

வடவள்ளி (பிப்ரவரி 9)

எல்லோருக்கும் வணக்கம். மே மாதம் எட்டு நாள் சுவிட்சர்லாந்து போகிறோம். நான், வீட்டுக்காரர், மாமியார் (67 வயது, சுத்த சைவம், முட்டையும் கிடையாது), 13 வயதுப் பையன், 9 வயதுப் பெண். டூர் கம்பெனி சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. அப்புறம் நாமே போய்க்கொள்வோம் என்று முடிவாகி, விமான டிக்கெட்டும் போட்டாகிவிட்டது.

என் குழப்பம் இதுதான். எவ்வளவு பணம் நோட்டாகக் கொண்டு போவது? ஃபாரெக்ஸ் கார்டா (முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றி வைக்கும் கார்டு), கிரெடிட் கார்டா? ஐந்து பேர் சாப்பிட ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? ரயில் பாஸ் கட்டாயம் வாங்க வேண்டுமா?

அங்கே ஒரு காபி ஐந்நூறு ரூபாய் என்று ஏதோ வீடியோவில் மாமியார் பார்த்துவிட்டார். "அங்கே வந்து நான் காபியே குடிக்க மாட்டேன்" என்கிறார். அவர் காபி குடிக்காவிட்டால் தலைவலி எங்களுக்கு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

சூரிச்வாசி (பிப்ரவரி 9)

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து 27 வருசம். அதில் பாதிக் காலம் உணவகக் குசினியில் (சமையலறையில்) நின்றவன். விலைப் பட்டியலின் முன்பக்கமும் தெரியும், பின்பக்கமும் தெரியும்.

வீடியோவில் சொன்னது பொய்யில்லை. உட்கார்ந்து குடித்தால் ஒரு கோப்பி நாலரையிலிருந்து ஐந்தரை பிராங். ஒரு பிராங்கை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரி, இப்போது அதைவிடக் கொஞ்சம் கூட. பீட்சா 18 முதல் 25. இந்திய உணவகத்தில் ஒரு கறியும் சோறும் 25 முதல் 30. மேசையில் வைக்கிற அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலுக்கே நாலைந்து பிராங் எடுப்பார்கள்.

ஆனால் அதே தெருவில் மிக்ரோஸ், கோப், டென்னர், ஆல்டி, லிடில் என்று பலசரக்குக் கடைகள் எல்லாம் இருக்கின்றன. பால் ஒரு லீட்டர் ஒன்றரை, இரண்டு பிராங். வாழைப்பழம் கிலோ இரண்டு, மூன்று பிராங். மிக்ரோஸில் "எம்-பட்ஜெட்", கோப்பில் "பிரி கராந்தி" என்று எழுதிய சாமான்களை எடுத்தால் இன்னும் குறையும். எங்கள் வீட்டிலும் அதுதான், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஏன் இப்படி என்றால், இங்கே சாமானுக்கு விலை குறைவு, ஆளின் கைக்குத்தான் விலை. ஜெனீவா மாநிலத்தில் 2020 நவம்பரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23 பிராங் என்று சட்டமே வந்தது, இப்போது அதற்கும் மேல். அந்தச் சம்பளம் வாங்குகிற ஒருவர் கோப்பியைக் கொண்டுவந்து வைத்து, திரும்ப வந்து கோப்பையை எடுத்து, மேசையைத் துடைக்கிறார். நீங்கள் கொடுக்கிற ஐந்து பிராங்கில் கோப்பித்தூளின் பங்கு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஆகவே எங்கே நீங்களே தட்டை எடுத்துப் போடுகிறீர்களோ அங்கே சாப்பிடுங்கள். கோப், மிக்ரோஸ் இரண்டுக்கும் பெரிய கிளைகளில் சுயசேவை உணவகம் உண்டு. 13 பிராங்கிலிருந்து 20 பிராங்குக்குள் ஒரு ஆள் வயிறாரச் சாப்பிடலாம்.

மூட்டைமுடிச்சு (பிப்ரவரி 10)

எதற்கு இவ்வளவு யோசனை? சின்ன எலக்ட்ரிக் குக்கர் ஒன்று, அரிசி மூன்று கிலோ, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வத்தக்குழம்பு, சப்பாத்தி, தட்டை, முறுக்கு, கூடவே நெய்யும் பால்கோவாவும். நாங்கள் போன வருடம் பத்து நாள் அப்படித்தான் ஓட்டினோம். வெளியே ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை!

சூரிச்வாசி (பிப்ரவரி 10)

ஐயா, நெய்யும் பால்கோவாவும் தப்பிப் போனது உங்கள் அதிர்ஷ்டம். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து இறைச்சி, பால், பாலில் செய்த பண்டம் எதையும் இந்த நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. சுங்கத்தில் பிடித்தால் பறித்துக் குப்பையில் போடுவதோடு தண்டமும் கட்ட வேண்டி வரலாம். பொடி, ஊறுகாய், எண்ணெயில் பொரித்த பலகாரம் கொண்டு வாருங்கள், அது வேறு.

பெங்களூர்ப்பையன் (பிப்ரவரி 10)

ஹோட்டல் அறையில் குக்கர் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புகை, ஆவி பட்டு அலாரம் அடித்தால் தீயணைப்பு வண்டி வந்த செலவை நம் தலையில் கட்டுவார்கள். நான் தங்கிய இடத்தில் அறையில் சமைக்கக் கூடாது என்று நான்கு மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள், ஐந்தாவதாகக் குக்கர் படம் வேறு. ஹோட்டலை விட்டுவிட்டுச் சமையலறையோடு கூடிய வீடு எடுங்கள். ஐந்து பேருக்கு இரண்டு அறை போடுவதைவிடப் பெரும்பாலும் அதுதான் மலிவு. பாத்திரம், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கும்.

இரண்டு விஷயம் மட்டும் கவனம். பெரும்பாலான ஊர்களில் குப்பைக்கு அந்தந்த ஊராட்சி விற்கும் பையைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் பையின் விலையிலேயே குப்பை வரி இருக்கிறது. அப்புறம் பிளக். நம் ஊர் மூன்று உருண்டைக் கால் பிளக் அங்கே நுழையவே நுழையாது. ஜெர்மனிக்கு வாங்கிய தடித்த அடாப்டரும் நுழையாது. சுவிஸ் சாக்கெட் உள்வாங்கிய அறுகோணமாக இருக்கும். மெல்லிய இரண்டு கால் சார்ஜர் மட்டும் அப்படியே போகும். அங்கே போய் அடாப்டர் வாங்கினால் அந்தக் காசுக்கு இங்கே மிக்ஸி ஜாரே வாங்கலாம்.

கணக்குப்பிள்ளை (பிப்ரவரி 11)

அம்மா, நான் 34 வருடம் வங்கியில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். சாப்பாட்டுச் சண்டை நடக்கட்டும், நான் கார்டு கணக்கைச் சொல்கிறேன்.

நம் ஊர் சாதாரண கிரெடிட், டெபிட் கார்டுகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் ரூபாய் செலவழித்தால் 3,500, அதற்கு வரி 630, ஆக 4,130 ரூபாய் சும்மா போகும். மாமியார் எட்டு நாளும் காபி குடிக்கிற காசு அது.

ஃபாரெக்ஸ் கார்டு வாங்கினால் சுவிஸ் பிராங்காகவே ஏற்றச் சொல்லுங்கள். சில முகவர்கள் "டாலர்தான் இருக்கிறது, எங்கும் செல்லும்" என்பார்கள். செல்லும்தான். டாலர் ஏற்றிய கார்டைப் பிராங்கில் தேய்க்கும்போது மறுபடி ஒரு மாற்றுக் கட்டணம் விழும், அதைச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது முக்கியம். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபருக்குப் பிறகு கொடுக்கப்பட்ட கார்டுகள் எல்லாம் உள்நாட்டுக்கு மட்டும் திறந்த நிலையில்தான் வரும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். கடையில் தேய்ப்பது, ஏடிஎம், இணையம், தொட்டுச் செலுத்துவது ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச், தனித்தனி வரம்பு. கிளம்பும் முன்பே திறந்து வையுங்கள். அங்கே போய்க் கவுண்டரில் வரிசையை நிறுத்தி வைத்துக்கொண்டு செயலியைத் தேடாதீர்கள்.

இன்னொன்று. கார்டைத் தொட்டதும் சில கடைகளின் இயந்திரம் "சிஎச்எஃப்-ஆ, ஐஎன்ஆர்-ஆ" என்று கேட்கும். நம் ரூபாயைப் பார்த்ததும் பாசம் பொங்கும். அதை அமுக்கவே கூடாது. அமுக்கினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம், அவர்கள் வைத்த லாபம். எப்போதும் சிஎச்எஃப், அதாவது சுவிஸ் பிராங். ஏடிஎம்மிலும் அப்படியே.

பெங்களூர்ப்பையன் (பிப்ரவரி 11)

ஐயா சொன்னதில் ஒரு சின்ன மறுப்பு. இப்போது மாற்றுக் கட்டணமே இல்லாத கிரெடிட் கார்டுகள் சில வந்துவிட்டன. அதில் ஒன்று இருந்தால் ஃபாரெக்ஸ் கார்டு எதற்கு? ஏற்றக் கட்டணம், மீதியைத் திரும்ப எடுக்கக் கட்டணம், கார்டுக்கே கட்டணம்.

கணக்குப்பிள்ளை (பிப்ரவரி 11)

தம்பி, உங்களுக்கு அந்தக் கார்டு கிடைக்கும், எல்லோருக்கும் கிடைக்குமா? ஒரு பள்ளி ஆசிரியை பிப்ரவரியில் விண்ணப்பித்து மே மாதத்துக்குள் போதுமான வரம்போடு வாங்கிவிடுவார் என்று நம்பித் திட்டம் போட முடியாது. கிடைத்தால் நல்லது. அப்போதும் ஒரே கார்டை நம்பிப் போகக் கூடாது, இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது. கிரெடிட் கார்டில் ஏடிஎம் பணம் எடுக்கவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்து வட்டி ஓடும்.

வடவள்ளி (பிப்ரவரி 11)

நான் ஆசிரியை என்று எங்கே சொன்னேன்?

கணக்குப்பிள்ளை (பிப்ரவரி 11)

கேள்விகளை வரிசையாகக் கேட்ட விதத்தில் தெரிந்தது அம்மா.

சூரிச்வாசி (பிப்ரவரி 12)

நோட்டு எவ்வளவு என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஐந்து பேருக்கு 250, 300 பிராங் போதும். இங்கே பஸ் மெசின் முதல் பாண் (ரொட்டி) கடை வரை கார்டு எடுக்கிறார்கள், 80 பிராங் வரை இரகசிய எண் இல்லாமல் தொட்டால் போதும். "ட்விண்ட்" என்று எழுதி ஒரு படத்தைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். அது எங்களுடைய கைப்பேசிப் பணம். இங்கே வங்கிக் கணக்கு இருப்பவர்களுக்கு மட்டும்தான், அதை இறக்கி வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். மலையில் பால்காரர் வைத்திருக்கிற சீஸ் பெட்டி, கோயில் உண்டியல், சில கழிப்பறை, இவற்றுக்குத்தான் காசு தேவைப்படும்.

முகவரிடம் 10, 20 பிராங் நோட்டாகக் கேளுங்கள். இந்த நாட்டில் 1000 பிராங் நோட்டும் புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். யூரோவைச் சில கடைகளில் வாங்குவார்கள், ஆனால் மீதியைப் பிராங்கில் தருவார்கள், விகிதம் அவர்கள் வைத்ததுதான்.

காசில் ஒரு வேடிக்கை உண்டு. நூறு ராப்பன் ஒரு பிராங். அரைப் பிராங் காசு, 20 ராப்பன் காசைவிடச் சின்னது, 10 ராப்பனைவிடவும் சின்னது. அதில் "1/2 Fr." என்று இருக்கும். புதிதாக வருகிற எல்லோரும் அதைச் சில்லறை என்று நினைத்து வீசிவிடுவார்கள். நானும் வீசியிருக்கிறேன். 5 ராப்பன் மட்டும் மஞ்சள் நிறம். அதற்குக் கீழே காசே கிடையாது, ஆகவே காசாகக் கொடுக்கும்போது 5, 0 என்று முடிகிற விலைதான்.

ரயில்பைத்தியம் (பிப்ரவரி 13)

என் துறை வந்துவிட்டது, கொஞ்சம் நீளமாக எழுதுவேன், மன்னிக்கவும்.

எல்லோரும் காபிக்குப் பயப்படுகிறீர்கள். உண்மையில் சுவிட்சர்லாந்தில் பர்ஸைக் காலி செய்வது போக்குவரத்தும் மலையும்தான். யுங்ஃபிராவ்யோக் என்கிற பனிமலை உச்சி ரயில் நிலையத்துக்குப் போய்வர இன்டர்லாக்கனிலிருந்து ஆளுக்கு 200 பிராங்கைத் தாண்டும். நீங்கள் எட்டு நாள் காபியை மிச்சம் பிடித்தாலும் அந்த ஒரு டிக்கெட்டில் கரைந்துவிடும்.

பாஸ் இரண்டு வகை. ஒன்று, சுவிஸ் டிராவல் பாஸ். 3, 4, 6, 8, 15 நாள் என்று தொடர்ச்சியாக எடுக்கலாம். ரயில், பஸ், ஏரிப் படகு, நகரத்து டிராம், 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகம் எல்லாம் அதில் அடங்கும். ரிகி மலைக்கும் அதுவே போதும். இரண்டு, ஹாஃப் ஃபேர் கார்டு. ஒரு மாதம் செல்லும், பெரும்பாலான டிக்கெட் பாதி விலை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கோணல் இருக்கிறது. விலை கூடிய டிராவல் பாஸ் யுங்ஃபிராவ்யோக்குக்குத் தருவது கிரிண்டல்வால்டு அல்லது வெங்கனுக்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடி மட்டும். மலிவான ஹாஃப் ஃபேர் கார்டு அங்கேயும் முழுதாகப் பாதி விலை தருகிறது. ஆகவே ஒரே ஊரில் தங்கி, இரண்டு மூன்று பெரிய மலை ஏறப் போகிறீர்கள் என்றால் ஹாஃப் ஃபேர். தினம் ஓர் ஊர் என்று சுற்றுகிறவர்களுக்கு டிராவல் பாஸ். காகிதத்தில் நாள்வாரியாக எழுதிக் கூட்டிப் பார்க்காமல் யார் சொல்வதையும் நம்பாதீர்கள், நான் சொல்வதையும்தான்.

பிள்ளைகள் இருவருக்கும் ஃபேமிலி கார்டு என்று இலவசமாகத் தருவார்கள், கேட்டு வாங்க வேண்டும். 6 வயதிலிருந்து 16 முடியாதவரை, பெற்றோரில் ஒருவர் கூட இருந்தால் டிக்கெட் இல்லை. பாட்டியோடு மட்டும் அனுப்பினால் செல்லாது. அதுபோல, நீங்கள் தங்குகிற ஊரைப் பாருங்கள். பாசல், பெர்ன், ஜெனீவா, லூசர்ன் போன்ற இடங்களில் ஹோட்டலில் பதிவு செய்தாலே உள்ளூர் பஸ், டிராம் இலவச அட்டை கொடுப்பார்கள். அதற்குப் பதில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி வாங்குவார்கள். இணையத்தில் அறை போடும்போது பல சமயம் அது காட்டப்படாது, கிளம்பும்போது கேட்பார்கள்.

கிளேசியர் எக்ஸ்பிரஸ், பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயில்கள் இரண்டுக்கும் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம், கட்டாயம். ஆனால் பெர்னினா பாதையில் சாதாரண உள்ளூர் ரயிலும் ஓடுகிறது. அதே தண்டவாளம், அதே பனி, அதே வளைவுப் பாலம். முன்பதிவு வேண்டாம், ஜன்னலையும் திறக்கலாம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பாதை அது. கடைசி நிலையம் டிரானோ, இத்தாலிக்குள் இருக்கிறது, பாஸ் அதுவரை செல்லும். அங்கே இறங்கினால் காபி விலை சட்டென்று மனித விலைக்கு வந்துவிடும். உங்கள் மாமியாரை அங்கே அழைத்துப் போங்கள்.

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் தண்டம் சுமார் 100 பிராங். "தெரியாது சார்" என்பது அங்கே எடுபடாது.

மூட்டைமுடிச்சு (பிப்ரவரி 13)

யுங்ஃபிராவ் போகாமல் சுவிட்சர்லாந்து போனேன் என்று ஊரில் எப்படிச் சொல்வது?

ரயில்பைத்தியம் (பிப்ரவரி 13)

ரிகி போனேன் என்று சொல்லுங்கள். ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில், 1871இல் ஓட ஆரம்பித்தது. மேகம் மூடியிருந்தால் யுங்ஃபிராவில் 200 பிராங்குக்கு வெள்ளைச் சுவர்தான் தெரியும். காலையில் உச்சியின் நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

ஊர்சுற்றி (பிப்ரவரி 14)

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், மனம் கேட்கவில்லை. எட்டு நாள் போய், எட்டு நாளும் ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிட்டுவிட்டு வருவதற்கு எதற்கு அவ்வளவு தூரம்? ஃபோண்டு (உருக்கிய சீஸில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவது) சாப்பிடாமல், ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு வேளை நிதானமாக உண்ணாமல் என்ன பயணம்? ஒவ்வொரு பில்லையும் நூறால் பெருக்கினால் வாழவே முடியாது. பெருக்குவதை நிறுத்துங்கள்.

பெங்களூர்ப்பையன் (பிப்ரவரி 14)

பெருக்குவதை நிறுத்துவது தனி ஆளுக்குச் சரி. ஐந்தால் வேறு பெருக்க வேண்டியிருக்கிறதே. ஆளுக்கு 30 பிராங் என்றால் ஒரு வேளைக்கு 150. அவர்கள் மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடன் போக மிஞ்சுவது என்னவோ.

சூரிச்வாசி (பிப்ரவரி 14)

இரண்டு பேரும் சொல்வது சரி. ஒரு வேளையை மட்டும் தெரிந்தெடுத்து, மதியத்தில் உட்காருங்கள். இரவில் 35 பிராங் போடுகிற கடையே மதியத்துக்கு நாள் சாப்பாடு என்று 18, 22க்குச் சூப்போ சலாட்டோ சேர்த்துத் தரும். டிப்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 1974இலிருந்து பரிமாறுகிற கூலி விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. பிடித்திருந்தால் மேலே ஒன்றோ இரண்டோ பிராங் சேர்த்து முழுத் தொகையாக்கிக் கொடுங்கள், கொடுக்காவிட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தண்ணீர் வாங்கவே வாங்காதீர்கள். சூரிச் நகரத்தில் மட்டும் 1200க்கும் மேற்பட்ட குடிநீர் ஊற்றுகள் தெருவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. "கைன் டிரிங்க்வாசர்" (குடிநீர் அல்ல) என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். கழிப்பறை பெரிய நிலையங்களில் ஒன்று, இரண்டு பிராங். ரயிலுக்குள் இலவசம், இறங்குவதற்கு முன் எல்லோரும் போய்விட்டு இறங்குங்கள், இது ஐந்து பேர் குடும்பத்துக்கு முக்கியமான யோசனை.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. சனிக்கிழமை ஐந்து ஆறு மணிக்கே பல இடங்களில் இழுத்து மூடுவார்கள். பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். பூட்டுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போனால் ரொட்டி, சலாட்டுக்கு 25, 50 சதவீதத் தள்ளுபடி என்று ஒட்டியிருப்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் பியர் தேடினால் மிக்ரோஸில் தேட வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே ஆரம்ப காலத்திலிருந்தே மது விற்பதில்லை. 2022இல் அங்கத்தவர்களிடம் வாக்கெடுத்தபோதும் வேண்டாம் என்றே சொன்னார்கள். பக்கத்திலேயே டென்னர் இருக்கும், அது நிறைய விற்கும், அதுவும் மிக்ரோஸின் சொத்துத்தான்!

அம்மாவுக்குச் சோறு வேண்டும் என்றால் தமிழ்க் கடை இல்லாத பெரிய ஊர் இங்கே இல்லை. 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் கனக்கப் பேர். பெர்னில் "சமயங்களின் இல்லம்" என்று ஓர் இடம், 2014 இறுதியில் திறந்தது. ஒரே கூரையின் கீழ் எங்கள் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் உண்டு. அங்கே சைவச் சாப்பாடும் கிடைக்கும்.

வடவள்ளி (பிப்ரவரி 15)

சூரிச்வாசி அண்ணா, கண் கலங்கிவிட்டது. "கோயில் இருக்கிறதாம், சோறு இருக்கிறதாம்" என்றதும் மாமியார் சூட்கேஸைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். மே மாதத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

வடவள்ளி (மே 28)

போய்விட்டு வந்துவிட்டோம். கேட்டுவிட்டுக் காணாமல் போகிற ஆள் ஆகக் கூடாது என்று எழுதுகிறேன்.

சமையலறை உள்ள வீடு எடுத்தோம், இன்டர்லாக்கன் பக்கம் ஐந்து இரவு, கடைசி மூன்று இரவு லூசர்னில் ஹோட்டல். காலையில் வீட்டில் தோசை மாதிரி ஒன்று (கோதுமை மாவுதான்), மதியம் புளிசாதமோ ரொட்டி, சீஸ், தக்காளியோ கட்டிக்கொண்டு போனோம், இரவு சமையல். வீடு இருந்தவரை சாப்பாட்டுக்கு ஐந்து பேருக்கு நாளைக்கு 60 பிராங்குக்குள் முடிந்தது. ஹோட்டலுக்கு மாறியதும் அதே ஐந்து பேருக்கு 130. அண்ணா சொன்ன "ஆளின் கைக்குத்தான் விலை" என்பது அந்த மூன்று நாளில் நன்றாக விளங்கியது.

காகிதத்தில் கூட்டிப் பார்த்ததில் எங்களுக்கு ஹாஃப் ஃபேர் கார்டுதான் லாபமாக வந்தது. யுங்ஃபிராவ் போனோம், வெள்ளைச் சுவர் இல்லை, தெளிவாக இருந்தது. ரயில்பைத்தியம் சொன்ன டிரானோவுக்குப் போக நாள் போதவில்லை. மன்னிக்கவும், மாமியாரிடம் சொல்லாமல் மறைத்துவிட்டேன்.

கையைச் சுட்டுக்கொண்டது இரண்டு இடத்தில். ஒன்று, மலை மேலே ஒரு நினைவுப்பொருள் கடையில் கார்டை நீட்டினோம். நாங்கள் பார்ப்பதற்குள் கடைக்காரரே ரூபாய்ப் பொத்தானை அமுக்கிவிட்டார். நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். ரசீதைப் பார்த்தபோது சுமார் ஐந்து சதவீதம் கூடியிருந்தது. ரத்து செய்து திரும்பப் போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பையன் சொன்னான், அவனுக்கு வந்தது. இயந்திரத்தை நம் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டுத் தொட வேண்டும் என்று கற்றுக்கொண்டோம்.

இரண்டாவது, பெரிய அடி. லூசர்ன் ஹோட்டலில் நுழையும்போது ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுத்தேன். முன்பணமாக 400 பிராங்கை நிறுத்தி வைத்தார்கள். கிளம்பும்போது பில்லை மறுபடி முழுதாக எடுத்தார்கள், நிறுத்தி வைத்த 400 விடுபட்டு வரவே இல்லை. கடைசி இரண்டு நாள் கார்டில் காசு இருந்தும் இல்லாத நிலை. ஊருக்கு வந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

கணக்குப்பிள்ளை (மே 28)

அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது. ஹோட்டலுக்கும் வாடகைக் காருக்கும் எப்போதும் கிரெடிட் கார்டுதான் கொடுக்க வேண்டும். நிறுத்தி வைப்பது வங்கியின் வரம்பிலிருந்து போகும், நம் கைக்காசு மாட்டாது. ஃபாரெக்ஸ், டெபிட் கார்டில் நம் சொந்தப் பணமே பூட்டிக்கொள்ளும்.

ஊர்சுற்றி (மே 29)

ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிட்டீர்களா இல்லையா?

வடவள்ளி (மே 29)

சாப்பிட்டோம், லூசர்னில், மதியம், ஐந்து பேருக்கு 112 பிராங். பெருக்கவில்லை. வீட்டுக்காரர் பெருக்கியது முகத்தில் தெரிந்தது.

மாமியார் காபி குடித்தார். முதல் நாள் ஐந்து பிராங் என்று தெரிந்ததும் பாதியைக் குடித்துவிட்டு மீதியைப் பெண்ணுக்குக் கொடுத்தார். மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வேளை தனியாக வாங்கிக் குடித்தார், நாங்கள் கணக்குக் கேட்கவில்லை.

பெர்ன் கோயிலுக்கும் ஒரு நாள் போனோம். அங்கேதான் இன்னொரு கூத்து. சில்லறை எல்லாவற்றையும் மாமியார்தான் சுருக்குப்பையில் வைத்திருந்தார். பெரிய காசு பெரிய மதிப்பு என்று அவர் கணக்கு. எட்டு நாளும் கழிப்பறைக்கும் தெருவில் வயலின் வாசித்தவருக்கும் "இந்தச் சின்னதைக் கொடு" என்று எடுத்துக் கொடுத்ததெல்லாம் அரைப் பிராங். பத்திரமாக முடிந்து வைத்து உண்டியலில் போட்டது முழுக்க 20 ராப்பன்.

சூரிச்வாசி (மே 29)

பரவாயில்லை தங்கச்சி, வயலின்காரன் அம்மாவை வாழ்த்தியிருப்பான். மீதிக் காசு இருந்தால் வைத்திருங்கள், அங்கே எந்த முகவரும் நாணயத்தை வாங்க மாட்டார். இங்கே 10 ராப்பன் 1879இலிருந்து அதே அச்சுத்தான், அடுத்த முறை வரும்போதும் செல்லும்.